ஸ்ட்ரிப்பில் ஒன்றும் இல்லை, ட்யூபில் மோர் மாதிரி

கேள்வி: 8 ஜூன் 2023, இரவு 10:12

என் தங்கை மகனுக்கு மூன்றரை வயது. சிஸ்டினோசிஸ் (செல்லுக்குள் சிஸ்டின் என்ற அமினோ அமிலம் சேர்கிற பிறவி வியாதி) என்று போன வருடம் கண்டுபிடித்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிஸ்டியமின் கொடுக்க வேண்டும். அழுகின முட்டை நாற்றம். ராத்திரி 2 மணிக்கு எழுப்பிக் கொடுத்தால் பாதி நாள் வாந்தி. போன வாரம் பக்கத்து லேபில் ஸ்ட்ரிப் (யூரினில் நனைத்து நிறம் பார்க்கிற பட்டை) போட்டு யூரின் பார்த்தோம். ஆல்புமின் என்ற ப்ரோட்டீன் 'நில்'. ரத்தத்தில் கிரியாட்டினினும் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) நார்மல். "கிட்னி நல்லாத்தானே இருக்கு, பிள்ளையை ஏன் வதைக்கிறீங்க" என்கிறார் தங்கையின் மாமியார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஸ்ட்ரிப்பில் ப்ரோட்டீன் இல்லை என்றால் கிட்னி நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

8 ஜூன் 2023, இரவு 10:50

இல்லை, அந்த அர்த்தம் இல்லை. மருந்தை நிறுத்த வேண்டாம். மிச்சத்தைக் காலையில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. 31 வருடம் லேபில் டெஸ்ட் ட்யூபோடு மாரடித்தவன்.

9 ஜூன் 2023, காலை 6:30

ஸ்ட்ரிப்பில் ப்ரோட்டீனுக்கென்று இருக்கிற மஞ்சள் கட்டத்தில் ஒரு சாயம் தடவியிருக்கிறது. ஆல்புமின் வந்து ஒட்டினால் பச்சையாகும், நிறைய ஒட்டினால் நீலத்துக்குப் போகும். மற்ற ப்ரோட்டீன்கள் அந்தச் சாயத்தோடு அவ்வளவாகச் சேராது. பெட்டியில் 'ப்ரோட்டீன்' என்று அச்சடித்திருந்தாலும் அது பார்ப்பது பெரும்பாலும் ஆல்புமினைத்தான். உங்கள் லேப்காரர் 'ஆல்புமின் நில்' என்று எழுதியது ஒரு வகையில் நேர்மையான ரிப்போர்ட். நீங்கள்தான் அதை 'ப்ரோட்டீன் இல்லை' என்று படித்துவிட்டீர்கள்.

கிட்னியில் இரண்டு வேலை நடக்கிறது. முதலில் சல்லடை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் அதன் வழியாக வடிகிறது. ஆல்புமினின் எடை 66,000 டால்டன் சொச்சம், அதனால் கிட்டத்தட்ட மொத்தமும் ரத்தத்திலேயே நின்றுவிடும். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் (11,800), ரெட்டினால் பைண்டிங் ப்ரோட்டீன் (21,000) மாதிரியான பொடிகள் தாராளமாக இறங்கிவிடும். அப்புறம் இரண்டாவது வேலை. சல்லடைக்கு அடுத்த நுண்குழலில் மெகாலின், க்யூபிலின் என்று இரண்டு ஏற்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. களத்தில் சிந்தின நெல்லைக் குனிந்து பொறுக்குகிற பெண்கள் மாதிரி, இறங்கின பொடி ப்ரோட்டீனை அவை அள்ளி உள்ளே எடுத்துக்கொள்ளும்.

சிஸ்டினோசிஸில் முதலில் கெடுவது இந்தப் பொறுக்கும் வேலை. செல்லுக்குள் இருக்கிற லைசோசோம் என்ற பையிலிருந்து சிஸ்டின் வெளியேற ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவை உண்டாக்கும் மரபணு பழுது (1998-இல் அடையாளம் கண்டார்கள், சி.டி.என்.எஸ் என்று பெயர்). சிஸ்டின் உள்ளேயே தேங்கிப் படிகமாகிறது. நுண்குழல் செல்கள் சீக்கிரமே தளர்ந்துபோகின்றன. பொடி ப்ரோட்டீன், சர்க்கரை, பாஸ்பேட், பைகார்பனேட், அமினோ அமிலம் எல்லாம் யூரினில் ஓடும். ஃபான்கோனி சிண்ட்ரோம் என்பது இந்த ஓட்டத்துக்குத்தான். சல்லடை அப்போது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆல்புமினை மட்டும் பார்க்கிற ஸ்ட்ரிப்புக்கு இதில் வேலை குறைவு.

9 ஜூன் 2023, காலை 7:15

ஒன்று விட்டுப்போச்சு. இந்தப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் போவார்கள். 3 லிட்டர் யூரினில் 300 மி.கி. ப்ரோட்டீன் போனால் 100 மில்லிக்கு 10 மி.கி.தான் வரும். ஸ்ட்ரிப் கண் திறப்பதே 15-30 மி.கி.க்கு மேல்தான். அத்தனையும் ஆல்புமினாகவே இருந்தாலும் 'நில்' என்றுதான் காட்டும். பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 150 மி.கி.தான் எல்லை.

9 ஜூன் 2023, இரவு 9:40

இதைப் பற்றி இவ்வளவு எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பெருமைப்படுகிற மாதிரி இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து ஆறேழு வருடம் ஆகியிருக்கும். ஒன்றரை வயது ஆண் குழந்தை. அம்மாவும் அப்பாவும் அத்தை மகன், மாமன் மகள். பிள்ளை எடை ஏறவில்லை, ராத்திரி முழுக்கத் தண்ணீர் கேட்கிறான், கால் வளைந்திருக்கிறது. அந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தை இன்னும் நினைவில் இருக்கிறது: "இவன் நனைச்ச துணியில எறும்பு மொய்க்குது சார்." ஸ்ட்ரிப்பில் சர்க்கரை இரண்டு ப்ளஸ். ரத்தத்தில் சர்க்கரை 82. யூரினைக் கொண்டுவந்தது ஜாம் பாட்டிலில். பாட்டில் சரியாகக் கழுவவில்லை என்று நானே முடிவு கட்டினேன். ப்ரோட்டீன் கட்டம் லேசாக மங்கியது. குழந்தைக்கு ட்ரேஸ் (மிக லேசான அளவு) எல்லாம் பெரிய விஷயமில்லை என்று 'நில்' எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து அதே பிள்ளை. புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் ஒருவர் கீழே இறங்கி லேபுக்கே வந்தார். "சல்ஃபோசாலிசிலிக் போடுங்க." போட்டேன். ஸ்ட்ரிப் அன்றைக்கும் ட்ரேஸ்தான். ட்யூப் மோர் மாதிரி வெளுத்தது. அந்த அமிலத்துக்கு ஆல்புமின் என்ன, குளோபுலின் என்ன, எல்லாம் ஒன்றுதான், அகப்பட்ட ப்ரோட்டீனையெல்லாம் திரள வைத்துவிடும். ஸ்ட்ரிப்புக்கும் ட்யூபுக்கும் இவ்வளவு வித்தியாசம் வந்தால் அந்த வித்தியாசமே ஒரு ரிசல்ட் என்று அவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

எறும்பும் சரியாகத்தான் சொல்லியிருந்தது. ஜாம் பாட்டில் மேல் ஒரு குற்றமும் இல்லை.

10 ஜூன் 2023, காலை 8:05

அந்த டாக்டர் பெயரைக் கேட்கிறார்கள். சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி பெயரும் வேண்டாம். தப்பு என்னுடையது.

10 ஜூன் 2023, மதியம் 1:20

"யூரினில் நுரை வந்தாலே ப்ரோட்டீன்தானே?" என்று இன்னொருவர். உயரத்திலிருந்து வேகமாக விழுந்தால் எந்தத் தண்ணீரும் நுரைக்கும். கழிப்பறையில் ஊற்றின சோப்புத் தண்ணீர் இன்னும் நன்றாக நுரைக்கும். நுரை நாள் கணக்கில் தொடர்ந்து நின்றால் பரிசோதிக்கலாம். நுரை இல்லை என்பதால் ப்ரோட்டீன் இல்லை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. டீக்கடையில்தான் நுரைக்கு மரியாதை.

11 ஜூன் 2023, காலை 6:10

கிரியாட்டினின் 'நார்மல்' என்று எழுதியிருந்தீர்கள். எத்தனை என்று எழுதவில்லை. பல லேபில் பக்கத்தில் அச்சடித்திருப்பது பெரியவர்களுக்கான அளவு, 0.6-இலிருந்து 1.2 வரை. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு 0.8 வந்தால் அந்தக் கட்டத்தில் நார்மல் என்றுதான் விழும். அந்த வயதுக்கு அது நார்மல் இல்லை. எண்ணைப் பாருங்கள், பக்கத்தில் இருக்கிற வார்த்தையைப் பார்க்க வேண்டாம்.

உண்மையிலேயே நார்மலாக இருந்தாலும் சந்தோஷப்பட்டுக்கொண்டு மருந்தை நிறுத்துகிற விஷயம் இல்லை இது. குழந்தைப் பருவ சிஸ்டினோசிஸில் முதல் நாலைந்து வருடம் கிரியாட்டினின் பெரும்பாலும் அசையாது. மருந்தே இல்லாத காலத்தில் பத்து வயதுவாக்கில் கிட்னி நின்றுபோகும். சிஸ்டியமினைச் சீக்கிரம் ஆரம்பித்து விடாமல் கொடுத்தால் அந்த நாள் பல வருடம் தள்ளிப்போகிறது. அந்த ராத்திரி 2 மணி மருந்து இதற்காகத்தான்.

11 ஜூன் 2023, காலை 11:30

ஒருவர் "என் மாமாவுக்கும் இதே வியாதி, கல்லாக வந்தது" என்று எழுதியிருக்கிறார். அது சிஸ்டினூரியாவாக இருக்க வேண்டும். பெயர்தான் சொந்தக்காரர் மாதிரி. சிஸ்டினூரியாவில் சிஸ்டினை யூரினிலிருந்து திரும்ப எடுக்கும் வழி பழுது, அதனால் கல். சிஸ்டினோசிஸில் செல்லுக்குள் சேர்ந்துபோகிறது. ஆர்ச்சிபால்ட் கேரட் 1908-இல் லண்டனில் 'பிறவி வளர்சிதைமாற்றப் பிழைகள்' என்று சொற்பொழிவாற்றியபோது எடுத்துக்கொண்ட நாலு வியாதிகளில் சிஸ்டினூரியாவும் ஒன்று. இதை ஏன் இழுத்தேன் என்றால், மீதி மூன்றில் அல்காப்டனூரியா, பென்டோசூரியா இரண்டும் யூரினில்தான் பிடிபட்டவை. நாலில் மூன்று யூரின் பாட்டிலிலிருந்து வந்திருக்கிறது. லேப்காரன் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

13 ஜூன் 2023, இரவு 10:00

திருத்தம். "பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் பாருங்கள், அதுதான் சிறந்தது" என்று ஒரு அம்மாவுக்குத் தனியாக எழுதியிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். யூரின் கொஞ்சம் அமிலமாக இருந்தாலே, பிஹெச் 6-க்குக் கீழே போனால், அது சிதைந்துபோகிறது. சிறுநீர்ப் பையில் கிடக்கும்போதே சிதைய ஆரம்பித்துவிடும், நாம் ஃப்ரீஸரில் வைத்து என்ன புண்ணியம்? உண்மையில் நிறைய இருந்தும் குறைவாகக் காட்டும். பைகார்பனேட் ஓடுகிற ஃபான்கோனி பிள்ளைகளுக்கு யூரின் பெரும்பாலும் அமிலமாக இராது என்று ஒரு வாதம் உண்டு. சரிதான், ஆனால் ரத்தத்தில் பைகார்பனேட் மிகவும் இறங்கிவிட்டால் அவர்கள் யூரினும் அமிலமாகும். ரெட்டினால் பைண்டிங் ப்ரோட்டீன் இந்த விஷயத்தில் கெட்டி. ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலினும் தாங்கும். உங்கள் ஊர் லேபில் எது கிடைக்கிறதோ அதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பீட்டா-2 மட்டும்தான் என்றால் பிஹெச்சையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

13 ஜூன் 2023, இரவு 10:25

ஸ்ட்ரிப்பைத் திட்டுவதில் நானும் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேன். சிறப்பாக வேலை செய்கிற இடங்கள் அதற்கு உண்டு. சர்க்கரை நோயில் ஆல்புமினைத் தேட அது போதாது என்றாலும், நெஃப்ராடிக் பிள்ளையை (சல்லடை வழியே ஆல்புமின் கொட்டுகிற வியாதி) வீட்டிலேயே தினம் பார்க்க அதைவிட எளிய வழி இல்லை. ஒரு கேள்வியைத்தான் அதனிடம் கேட்க முடியும், பதிலும் அதற்கு மட்டும்தான் வரும்.

இதே கதை சர்க்கரையிலும் உண்டு. பழைய பெனடிக்ட் டெஸ்ட்டில் நீலக் கரைசலைக் கொதிக்க வைத்தால் ஒடுக்கும் சர்க்கரை எதுவானாலும் செங்கல் நிறம் காட்டும். ஸ்ட்ரிப் வந்தபோது நாங்கள் ஸ்பிரிட் விளக்கைத் தூக்கிப் பரணில் போட்டோம். ஸ்ட்ரிப்புக்குத் தெரிந்தது குளுக்கோஸ் ஒன்றுதான். கேலக்டோசீமியா (கேலக்டோஸ் என்ற சர்க்கரையை உடம்பால் பயன்படுத்த முடியாத வியாதி) பிள்ளையின் யூரினில் கேலக்டோஸ் இருக்கும், ஸ்ட்ரிப் 'நில்' என்று காட்டும், பெனடிக்ட் சிவக்கும். பரணில் போட்டதைத் திரும்ப இறக்கினோம்.

16 ஜூன் 2023, காலை 7:00

"கண்ணுக்குத் தெரியாத ப்ரோட்டீனை அளந்து என்ன ஆகப்போகிறது, அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது" என்று கேட்டவருக்கு: அந்தக் காலத்தில் கரண்டி இருந்தது. 1827-இல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் ரிச்சர்ட் பிரைட், உடம்பு வீங்கி வந்த நோயாளிகளின் யூரினைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திக்கு மேலே பிடித்தார். முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது செய்ததும் அதேதான், கரண்டிக்குப் பதில் ட்யூப். முக்கால் ட்யூப் யூரின், அடியைப் பிடித்துக்கொண்டு மேல் பாதியை மட்டும் சூடாக்க வேண்டும். மேலே கலங்கினால் கீழே தெளிவாக இருப்பதோடு ஒப்பிடலாம். இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம். கரைந்தால் பாஸ்பேட், நின்றால் ப்ரோட்டீன். எவ்வளவு என்று சொல்லும், எது என்று சொல்லாது.

எது என்பதுதான் இந்த வியாதிகளில் எல்லாமே. பெரிய ப்ரோட்டீன் மட்டும் வந்தால் சல்லடையில் ஓட்டை. பொடி மட்டும் வந்தால் பொறுக்க ஆள் இல்லை. இரண்டும் வந்தால்... அடுத்த குறிப்பில்.

16 ஜூன் 2023, இரவு 9:15

இரண்டும் வந்தால் என்று நிறுத்தியதில் ஒரு சங்கடம் இருக்கிறது. காலையில் எழுதினது ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, கிட்னி அவ்வளவு சுத்தமாக நடந்துகொள்ளாது. சல்லடை நன்றாக இருந்தாலும் கொஞ்சம் ஆல்புமின் கசியத்தான் செய்யும், அதையும் மெகாலினும் க்யூபிலினும்தான் பொறுக்குகின்றன. பொறுக்குகிறவர்கள் நின்றால் ஆல்புமினும் ஓரளவு ஏறும். சிஸ்டினோசிஸில் ஆல்புமின் கூடினால் உடனே 'சல்லடை போச்சு' என்று சொல்லிவிட முடியாது. சல்லடையும் பின்னால் கெடுகிறது என்பதும் உண்மை. சல்லடையின் காவலாளிகளான போடோசைட் செல்களில் பல உட்கருக்கள் சேர்ந்து கிடப்பது இந்த வியாதியின் பயாப்ஸியில் ஒரு அடையாளம். அதனால் ஒரு நாள் எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆல்புமினும் பொடியும் எந்த விகிதத்தில் போகின்றன, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அது எப்படி நகர்கிறது என்று பார்ப்பார்கள்.

ஆராய்ச்சிக்காரர்கள் இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தினார்கள். டென்ட் நோய் என்று எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் இன்னொன்று உண்டு, அதிலும் பொறுக்கும் வேலை நின்றுவிடும். பொறுக்குகிறவர்கள் இல்லாத களத்தில் சிந்தினது அத்தனையும் அப்படியே கிடக்கும் இல்லையா? சல்லடை சாதாரணமாக எதையெல்லாம் கீழே விடுகிறது என்பதை இந்த நோயாளிகளின் யூரினில்தான் படிக்க முடிந்தது.

19 ஜூன் 2023, மதியம் 2:40

"மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி போட்டால் எல்லா ப்ரோட்டீனும் ஒரே தடவையில் தெரியுமே" என்கிறார் பயோடெக் படிக்கிற தம்பி ஒருவர். தெரியும். 2006-இலேயே நோயில்லாதவர்களின் யூரினில் 1,500-க்கு மேல் ப்ரோட்டீன்களை எண்ணிவிட்டார்கள். தொல்லை யூரோமோடுலின். கிட்னியே செய்து வெளியே விடுகிற ப்ரோட்டீன், நல்ல யூரினில் அதுதான் அதிகம். டாம், ஹார்ஸ்ஃபால் இருவரும் 1950-இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். கல்யாண வீட்டில் மைக் செட் அலறும்போது பக்கத்தில் இருப்பவர் காதோடு பேசுகிற மாதிரி, இது நிறைந்திருக்கும் இடத்தில் மற்ற சின்ன ப்ரோட்டீன்கள் கேட்காது. தம்பி, ஸாம்பிளை முதலில் சரியாக எடுக்கப் பழகுங்கள், மெஷின் அப்புறம்.

19 ஜூன் 2023, மதியம் 2:55

மேலே கடைசி வரி கொஞ்சம் காட்டமாகிவிட்டது. இருக்கட்டும். ஜாம் பாட்டில் ஞாபகத்தில் எழுதினது.

22 ஜூன் 2023, காலை 6:45

ஃபேப்ரி நோய் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அது வேறு பாதை. ஆல்ஃபா-காலக்டோசிடேஸ் என்சைம் குறைவதால் ஒரு கொழுப்பு சேர்கிறது. சேருகிற முக்கியமான இடங்களில் ஒன்று போடோசைட், அதாவது சல்லடையே. இங்கே ஆல்புமினைப் பார்ப்பது சரி. ஆனால் ஆல்புமின் ஏறுவதற்கு முன்னாலேயே போடோசைட்டுகள் கழன்று யூரினில் விழ ஆரம்பிக்கலாம் என்று பார்த்திருக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் துருவ ஒளியில் பார்த்தால் கொழுப்புத் துளி சிலுவை மாதிரி மின்னும். எனக்கு அந்த வடிகட்டி இல்லாத மைக்ராஸ்கோப்தான் வாய்த்தது, ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

எக்ஸ் குரோமோசோம் வியாதி என்பதால் பெண்கள் சும்மா கடத்துகிறவர்கள்தான் என்று நேற்று ஒருவருக்குப் பதில் போட்டேன். தப்பு. பெண்களுக்கும் கிட்னி, இதயம் எல்லாம் பாதிக்கலாம், அளவுதான் ஆளுக்கு ஆள் வேறு. அந்த வீட்டில் அக்கா தங்கைகளும் யூரின் பார்க்க வேண்டும்.

22 ஜூன் 2023, காலை 7:20

கிளைக்கோஜன் சேரும் நோய் முதல் வகை: சல்லடை ஆரம்பத்தில் அளவுக்கு மீறி வேலை செய்கிறது, கிரியாட்டினின் அழகாக இருக்கும், பல வருடம் கழித்து மைக்ரோஆல்புமின் (மிகக் குறைந்த அளவு ஆல்புமின்) எட்டிப் பார்க்கும். அந்தப் பிள்ளைகளுக்குச் சமைக்காத சோள ஸ்டார்ச் கொடுப்பார்கள். கடையில் 'கார்ன்ஃப்ளோர்' என்று விற்கிற வெள்ளைப் பொடி. மஞ்சள் மக்காச்சோள மாவை வாங்கிவந்து கலக்கின வீட்டை எனக்குத் தெரியும். இதற்கு மேல் இங்கே வேண்டாம், இழை எங்கேயோ போகிறது.

25 ஜூன் 2023, இரவு 8:30

யூரின் எடுப்பது பற்றி, கேட்டவருக்கும் அவர் தங்கைக்கும்.

மூன்றரை வயதில் 24 மணி நேரச் சேகரிப்பு என்பது வீட்டுக்கே தண்டனை. ஒரு தடவை தரையில் விட்டால் கணக்குத் தப்பு. அதனால் ஒரு தடவை எடுத்ததிலேயே ப்ரோட்டீனுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். நல்ல வழிதான், ஒரு பொறி இருக்கிறது. யூரின் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. மெலிந்த பிள்ளைக்குக் கிரியாட்டினின் குறைவு, கீழே இருக்கிற எண் சிறுத்தால் விகிதம் தானாகவே பெருக்கும். எடை ஏறாத பிள்ளையின் ரிப்போர்ட்டைச் சாதாரணப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். அவனுடைய பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். சதை குறைவு என்பதால் ரத்தக் கிரியாட்டினினும் பொய்யாக அழகாக இருக்கும், அங்கே சதையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின்-சி டெஸ்ட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.

காலையில் எழுந்ததும் போகிற முதல் யூரின். அதைச் சுத்தமான புது டப்பாவில் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் அதே லேப். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கும் வாரம் வேண்டாம்.

26 ஜூன் 2023, காலை 6:20

ராத்திரி படுத்த பிறகு தோன்றியது. இந்தப் பொடி ப்ரோட்டீன் எண்ணை மருந்துக்கு மார்க் போடுகிற பரீட்சையாக எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள். வேண்டாம். சிஸ்டியமின் ஃபான்கோனியை ஓட்டிவிடுவதில்லை. மருந்து ஒழுங்காக இறங்கினாலும் பொடி ப்ரோட்டீன் நூறு மடங்கில் நின்றுகொண்டே இருக்கலாம். மருந்தின் அளவு போதுமா என்று சொல்வது வெள்ளணுக்களில் இருக்கிற சிஸ்டின் அளவு, அது தனி டெஸ்ட். யூரினைப் பார்த்து "கொடுத்தும் குறையவில்லையே" என்று நிறுத்தினால், 'நில்' பார்த்து நிறுத்துவதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

2 ஜூலை 2023, இரவு 9:00

மாற்றுச் சிறுநீரகத்திலும் இது திரும்ப வருமா என்று ஒருவர். வராது. கொடுத்தவரின் கிட்னி செல்களில் கதவு சரியாக இருக்கிறது. ஆனால் கண், தைராய்டு, தசை எல்லாம் பிள்ளையின் சொந்தச் செல், அங்கே சேருவது நிற்காது, மருந்தும் நிற்காது. கண்ணுக்குத் தனிச் சொட்டு மருந்து.

14 நவம்பர் 2023, இரவு 10:40

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து ரிப்போர்ட் போட்டிருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரி லேபில் எடுத்தது. ஸ்ட்ரிப்: ட்ரேஸ். ரெட்டினால் பைண்டிங் ப்ரோட்டீன்: மேல் எல்லையைப் போல பல நூறு மடங்கு. ஆல்புமின் விகிதம்: கொஞ்சம் கூடுதல். கிரியாட்டினின் 0.4. சிஸ்டாட்டின்-சி அந்த வயதுக்கு உள்ள அளவிலேயே இருக்கிறது. வெள்ளணு சிஸ்டின் இலக்கைவிட அதிகம். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார். ராத்திரி மருந்தில் பாதி வாந்தியில் போனது கணக்கில் வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது, அதை டாக்டரிடம் சொன்னீர்களா என்று பதில் எழுதுங்கள். மாமியாரிடம் ஸ்ட்ரிப்பைக் காட்டாதீர்கள், மற்ற எண்களைக் காட்டுங்கள்.

அடுத்த ஸாம்பிள் மே மாதம். அதே லேப், காலை முதல் யூரின், புது டப்பா.